முழங்காலுக்குக் கீழே ஒரு மேடு

நாற்காலியில் அமர்ந்து, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது காலை மெல்ல நீட்டுங்கள். விரலுக்கடியில் கயிறு போன்ற ஒன்று விறைப்பதை உணர்வீர்கள். அது ஒரு தசைநாண். அதன் வழியே இன்னும் கீழே வந்தால் எலும்பில் சிறு மேடு ஒன்று தட்டுப்படும். ஓடியாடும் உங்கள் வயதினர் பலருக்கு முழங்கால் வலி எழுவது இந்த மேட்டில்தான்.

முழங்கால் வலி என்றதும் பாட்டியின் நினைவு வருவது இயல்பு. ஆனால் பாட்டியின் வலி வேறு, இது வேறு. முதுமையில் பெரும்பாலும் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்கிறது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே தேய்ந்தது மீண்டும் வளர்வது அரிது. அந்த வலிக்கு எடையைக் குறைப்பது நல்ல மருந்து. உங்கள் கதைக்கு வருவோம்.

தொடையின் முன்புறத்தில் உள்ள பெரிய தசை நான்கு பிரிவுகளைக் கொண்டது. நான்கும் ஒன்றுகூடி, முழங்கால் சில்லைப் பற்றிக்கொண்டு, கீழ்க்கால் எலும்பின் அந்த மேட்டில் போய் ஒட்டுகின்றன. கிணற்று இராட்டினம் கயிற்றைத் தாங்குவதுபோல் சில்லு இந்த இழுப்பைத் தாங்குகிறது. கபடியில் பாய்ந்தாலும், கூடைப்பந்துக்கு எம்பிக் குதித்தாலும், தசை மேட்டைப் பற்றி இழுக்கிறது.

பெரியவர்களுக்கு அந்த மேடு கெட்டியான எலும்பு. உங்களுக்கோ அது இன்னும் முற்றவில்லை. அதனடியில் இருப்பது வளரும் குருத்தெலும்பு. ஈரமண்ணில் அடித்த முளையில் மாட்டைக் கட்டினால் என்ன ஆகும்? மாடு இழுக்க இழுக்க முளை ஆட்டங்கொடுக்கும். அதே நிலைதான் இங்கும். போதாக்குறைக்கு, இந்த வயதில் எலும்பு விறுவிறுவென நீள்கிறது, தசை விறைத்து நிற்கிறது, இழுப்பு கூடுகிறது. மேடு வீங்கி, தொட்டால் நோகிறது. வளர்ச்சி முந்துவதால் பெண்களுக்கு இது ஆண்களைவிடச் சற்று முன்னதாகவே வரும்.

1903-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராபர்ட் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் ஆகிய இரு மருத்துவர்கள் தனித்தனியே இதனை விவரித்தனர். எனவே இதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் நோய் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இது கிருமியால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று.

வலியைத் தணிக்க இழுப்பைக் குறைக்க வேண்டும், அவ்வளவே. குதிப்பதையும் வேகமாக ஓடுவதையும் சில வாரங்கள் குறையுங்கள். விளையாட்டை அடியோடு விட வேண்டியதில்லை. நொண்டும் அளவுக்கு வலித்தால் மட்டும் நிறுத்துங்கள். நீச்சலால் பெரும்பாலும் தொல்லையில்லை. விளையாடியபின் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். வலி தணிந்தபின், சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலை மடித்துக் குதிகாலைப் பிட்டத்தருகே கொண்டுவந்து 30 விநாடி நிறுத்துங்கள். தொடைத்தசை தளரும். தைலம் பூசினால் இதமாக இருக்கும். ஆனால் மேட்டை அழுத்தி உருவிவிடுவது, நொந்த இடத்தை மேலும் நோகடிப்பதாகும்.

எல்லா வலியும் இதுவே என்று எண்ணிவிடாதீர்கள். காய்ச்சலுடன் மூட்டு வீங்கினாலும், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தாலும், முழங்கால் மடங்காமல் சிக்கிக்கொண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்னொரு விந்தையும் உண்டு. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் செல்லும் நரம்புகளில் சில பொதுவானவை. அதனால் இடுப்பு மூட்டில் எலும்பு நழுவியிருந்தாலும் முழங்காலில் மட்டும் வலி தெரியலாம். முழங்காலில் ஒன்றும் காணாமல் ஒரு மாணவன் நொண்டினால், மருத்துவர் இடுப்பையும் சோதிப்பது இதற்காகத்தான். அதனைத் தாமதிக்கவே கூடாது.

மேட்டின் வலியோ, எலும்பு வளர்ந்து முற்றியதும் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். புடைப்பு மட்டும் சிலருக்கு வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. தரையில் மண்டியிடும்போது சற்று உறுத்தும்.