வாய்ப்புற்றுநோய்: அறுவைக்கு முன் ஒரு நிலை, பின் ஒரு நிலை

பாக்கும் புகையிலையும்

தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த இலையோடு மடித்து மெல்லப்படும் பாக்கும் புகையிலையுமே வாய்ப்புற்றுக்கு வழிவகுப்பவை; பாக்கு தனித்தே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதி உறுதிசெய்தது.

மருத்துவ நிலை

கட்டியின் அளவு, கழுத்து நெறிகளின் (நிணநீர் முடிச்சுகளின்) நிலை, பிற உறுப்புகளுக்குப் பரவியிருத்தல் ஆகிய மூன்றையும் டி, என், எம் என்னும் எழுத்துகளால் குறித்து நோயின் நிலை கணிக்கப்படுகிறது. சிகிச்சைக்கு முன்பு கண்ணால் பார்த்தும், விரலால் தடவியும், சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களாலும், நெறியில் ஊசி செலுத்திச் செய்யும் சோதனையாலும் கணிப்பதே மருத்துவ நிலை. தொடக்கத்தில் புண்ணின் ஓரத்தில் சிறிது சதை எடுத்துச் சோதிப்பதையே இறுதி முடிவாகப் பலர் கருதுகின்றனர். அச்சோதனை நோய் இன்னதென்று சொல்லுமேயன்றி, அது எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

நோயியல் நிலை

அகற்றப்பட்ட கட்டியையும் நெறிகளையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின்னரே நோயியல் நிலை தெரியவருகிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த, டி, என், எம் வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பு, கட்டியின் அகலத்தோடு அது திசுவுக்குள் இறங்கியுள்ள ஆழத்தையும் கணக்கில் கொள்கிறது; 2 செ.மீ.க்கு மிகாத புண்ணேயாயினும் ஆழம் 5 மி.மீ.ஐத் தாண்டி 10 மி.மீ.க்குள் இருந்தால் அது டி1 அன்று, டி2. வீக்கமும் புண்ணும் சேர்ந்த நாக்கில் இந்த மில்லிமீட்டர் வேறுபாட்டை விரலால் அறிவது அரிது. மறுபுறம், வெட்டியெடுத்த சதை சுருங்குவதாலும் ஃபார்மலினில் மேலும் சுருங்குவதாலும், ஆய்வகத்தில் அளக்கும் அகலம் வாயில் அளந்ததைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

கழுத்தில் மறைந்திருப்பது

இரு நிலைகளும் பெரிதும் வேறுபடும் இடம் கழுத்து. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 2015ஆம் ஆண்டு ஆய்வில், தொடக்கநிலை வாய்ப்புற்றுடன் நெறி தென்படாதிருந்தவர்களுள், கட்டியோடு கழுத்து நெறிகளும் அப்போதே அகற்றப்பட்ட பிரிவினரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு அந்நெறிகளில் புற்று மறைந்திருந்தது. மூன்றாண்டு உயிர்வாழ்வு அப்பிரிவில் 80 சதவீதமாகவும், நெறி தென்பட்ட பிறகே கழுத்து அறுவை செய்யப்பட்ட பிரிவில் 67.5 சதவீதமாகவும் இருந்தது. மாறாக, சொத்தைப் பல்லினாலோ புண்ணின் சீழினாலோ வீங்கிய நெறி, புற்று எனக் கணிக்கப்பட்டுப் பின்னர் புற்றற்றதாகத் தெரியவருவதும் உண்டு. ஆகவே நிலை மாறுவதை மருத்துவரின் பிழையென்றோ, கத்தி பட்டதால் நோய் பரவியதென்றோ கொள்வது தவறு. முன்பே இருந்தது இப்போது புலப்படுகிறது, அவ்வளவே.

அறிக்கை வந்த பின்

எந்த அறுவை தேவை என்பதை மருத்துவ நிலையும், அதன்பின் எது தேவை என்பதை நோயியல் நிலையும் தீர்மானிக்கின்றன. புற்று நெறியின் உறையைக் கிழித்து வெளியேறியிருந்தாலோ, வெட்டிய விளிம்பில் எஞ்சியிருந்தாலோ, கதிர்வீச்சுடன் மருந்துச் சிகிச்சையும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. தாடையெலும்பும் அகற்றப்பட்டிருந்தால், அதை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கிய பின்பே ஆராய முடியும் என்பதால், அறிக்கை வரக் கூடுதல் நாள்கள் ஆகும். தையல் பிரித்ததும் ஊர் திரும்பும் அம்பாசமுத்திரத்து, ஸ்ரீவைகுண்டத்து நோயாளி அந்த அறிக்கைக்காகவே மீண்டும் பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு வரவேண்டும். ஏனெனில் தேவைப்படும் கதிர்வீச்சு, அறுவைக்குப்பின் ஆறு வாரங்களுக்குள் தொடங்குவதே விரும்பத்தக்கது.