மணிக்கட்டு நேராக நிற்கும் இடம்

குரூசர் வகை மோட்டார் சைக்கிளில் இருக்கை தாழ்ந்திருக்கும். கால்கள் முன்னே நீண்டிருக்கும். மேடு பள்ளத்தில் காலை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வழியில்லாததால் அதிர்ச்சி இடுப்புக்கும் கைக்கும் போகிறது. ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தால் கீழ்முதுகு கூனும். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தேசிய நெடுஞ்சாலை 16-இல் ஏறத்தாழ 45 கி.மீ. அங்கே வேலைக்குப் போகிறவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படிக் கூனி ஓட்டிவிட்டு, அதே முதுகோடு ஆலையில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

கோளாறு எங்கே என்பதைக் கையே காட்டிவிடும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் செல்லும் அல்நார் நரம்பு பெரும்பாலும் கிரிப்பில் நசுங்குகிறது. கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்தால், மணிக்கட்டு மேலோ கீழோ மடங்கி நடு நரம்பு அழுந்துகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பது எளிது. வண்டியை நிமிர்த்தி நிறுத்தி ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, முழங்கையைச் சற்றே மடக்கியபடி கைகளை நீட்ட வேண்டும். கை நிற்கும் இடத்துக்கும் கிரிப்புக்கும் உள்ள தூரத்தை இன்னொருவர் அளக்கலாம். வித்தியாசம் சிறிதானால் புது பார் தேவையில்லை. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திப் பழைய பாரையே சற்றுப் பின்னால் சுழற்றினால் போதும். பணம் செலவழிக்கும் முன் கட்டாயம் செய்துபார்க்க வேண்டியது இதுதான்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் உயரத்தைவிட, கிரிப்பைக் கைப்பக்கம் கொண்டுவரும் பின்வளைவே முக்கியம். தோளுக்கு மேல் போகும் உயரமான பார் பார்வைக்கு எடுப்பு. ஆனால் கையில் ரத்த ஓட்டம் குறையும், நெஞ்சில் காற்று மோதும். அகலமான பார் திருப்ப இலகு. ஆயினும் முழுதாகத் திருப்பும்போது வெளிப்பக்கக் கை நீண்டு விறைத்தால் அது அளவுக்கு மீறிய அகலம். இந்திய வண்டிகளில் பெரும்பாலும் கிரிப் பகுதியின் விட்டம் 22 மி.மீ., பல ஹார்லிகளில் 25.4 மி.மீ. கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதி வேறாக இருக்கலாம்; இரண்டையும் அளக்க வேண்டும்.

உடம்புக்குப் பொருந்திய பாரும் கையை அதிரவைக்கலாம். இன்ஜின் நிமிடத்துக்கு 4,800 முறை சுழன்றால் நொடிக்கு 80 அதிர்வு. பார் குழாயின் இயல்பான அதிர்வெண் அதற்கு நெருங்கினால் நடுக்கம் பெருகும். திருவொற்றியூரில் பிறந்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுகளில் அதிர்வைத் தணிக்கும் சமநிலைத் தண்டு கிடையாது. 2020-இல் வந்த மீட்டியார் 350-இல் உண்டு. ஆகவே பழைய வண்டிக்காரர்கள் பாரின் நுனியில் கனமான எடை பொருத்துவது நல்லது. அது அதிர்வெண்ணைத் தாழ்த்தும்.

பார் மாற்றும் முன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளரே அந்த மாடலுக்கு விற்கும் பாரை எடுப்பது பத்திரமான வழி.

உயர்ந்த பார் கேபிள்களையும் பிரேக் ஹோஸையும் இழுக்கும். பொருத்தியதும் இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு இருபுறமும் முழுதாகத் திருப்ப வேண்டும். சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் போதவில்லை. நீளமான கேபிள் மாட்டும்வரை வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது.