கணினிக்குள் ஒரு தொலைக்காட்சி: அலைத்தேர்வு அட்டையைத் தெரிவுசெய்தல்

செய்தி வாசிப்பவரின் எழுத்துத்தமிழும் அதே அறிக்கையில் நேர்காணப்படுபவரின் பேச்சுத்தமிழும் அருகருகே ஒலிப்பதை மாணவர்க்குக் கேட்பிக்க விரும்பும் சிங்கப்பூர் ஆசிரியருக்கு, வசந்தம் ஒளிவழி நல்லதொரு கருவூலம். அதனை வீட்டு மேசைக்கணினியில் பதிவுசெய்து, வேண்டிய பகுதியை வெட்டியெடுக்க உதவுவது தொலைக்காட்சி அலைத்தேர்வு அட்டை. கடைக்காரர் இதனை ‘டிவி ட்யூனர் கார்டு’ என்பார்.

ட்யூன் என்னும் சொல் இசைக்கருவிக்குச் சுருதி கூட்டுவதையும் குறிக்கும். இங்கும் செயல் ஏறத்தாழ அதுவே. அலைவாங்கி பல அலைவரிசைகளையும் ஒருங்கே ஏற்கிறது. அட்டை அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் இசைந்து நிற்கிறது.

அட்டையின் பெட்டியில் ‘டிஜிட்டல்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கலாகாது. அச்சொல் பல தரமுறைகளுக்குப் பொதுப்பெயர். அமெரிக்காவில் ஏடிஎஸ்சி, ஜப்பானில் ஐஎஸ்டிபி-டி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டிவிபி-டி2. இரு நாடுகளிலும் 2019-இல் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டதால், அதனை மட்டும் ஏற்கும் அட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. முந்திய தலைமுறையான டிவிபி-டி அட்டையும் டி2 அலையை ஏற்காது. ஆகவே அந்த ‘2’ என்னும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். விலை ஒப்பீடெல்லாம் அதன் பின்னரே.

ஹாப்பாக் நிறுவனத்தின் வின்டிவி-குவாட்எச்டி என்னும் அட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட அமெரிக்காவுக்கான வடிவம் ஏடிஎஸ்சியை ஏற்பது. ஐரோப்பாவுக்கான வடிவம் டி2-வை ஏற்பது. பெயரோ ஒன்றே. மொழியியலார் ஒப்புருச்சொல் என்று வகுப்பில் விளக்குவதை இங்கே கடைத்தட்டிலேயே காணலாம். இணையத்தில் வாங்குவோர் மாதிரி எண்ணையும் கேட்டறிதல் நன்று.

அடுத்து, கணினிப்பெட்டியைத் திறந்து தாய்ப்பலகையைப் பார்க்க வேண்டும். இன்றைய அட்டைகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் குறுகிய செருகுவாயில் பொருந்துவன. பழைய பிசிஐ செருகுவாய் வேறு. ஒல்லியான பெட்டியாயின் குட்டை உலோகத்தகடும் தேவைப்படும். மடிக்கணினிக்கு இவ்வட்டை பொருந்தாது.

ஓர் அட்டையில் இரண்டு அல்லது நான்கு தேர்விகள் இருக்கக்கூடும். ஒன்றைப் பார்த்துக்கொண்டே வேறோர் அலைவரிசையிலிருந்து பதிவுசெய்ய இரண்டு போதும். வகுப்புத் தேவைக்கு நான்கு மிகை என்பது என் கருத்து.

பதிவின் தரம் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. மொழி கற்பிப்போர்க்கோ அது முதன்மையானது. டிஜிட்டல் ஒளிபரப்பு சுருக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. அட்டை அதனை அவ்வாறே வட்டில் சேமிக்க வல்லது. திரையில் ஓடுவதைத் தனி மென்பொருளால் படம்பிடித்தால் ஒலி மறுபடியும் சுருக்கப்படும். சுருக்கம் மிகுந்தால், உயர் அதிர்வெண் கொண்ட ஸகர, ஷகர உரசொலிகளே முதலில் மங்கும். அத்தகைய பதிவைக்கொண்டு ஒலிப்புப் பயிற்சி நடத்துவது வீண். வினாடிக்கு 8 மெகாபிட் வீதம் வரும் நிகழ்ச்சி ஒரு மணிநேரத்துக்கு 3.6 கிகாபைட் இடங்கொள்ளும். வட்டில் அதற்கேற்ற இடம் வேண்டும்.

மென்பொருளையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பழைய அட்டைகள் பல விண்டோஸ் மீடியா சென்டரை நம்பியிருந்தன. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் அது இல்லை. அலைவாங்கியைச் சன்னலருகே, இரும்புக் கம்பிகளிலிருந்து சற்று விலக்கி வைத்து, ஒளிவழிகளைத் தேடச்செய்யுங்கள். படம் துண்டுதுண்டாக வந்தால் அட்டையைக் குறைகூறுமுன் அலைவாங்கியின் இடத்தை மாற்றிப் பார்க்கலாம்.