தோளில் ஏறும் தோணி

ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் கார் ஓடினால் அல்கொன்குவின் பூங்கா வந்துவிடும். ஒன்ராறியோ அரசு 1893இல் ஒதுக்கிய காடு அது. 7,600 சதுர கிலோமீட்டருக்கும் பெரியது. நெடுஞ்சாலை 60 அதன் தெற்கு மூலையை 56 கிலோமீட்டர் தூரம் வெட்டிக்கொண்டு போகிறது. அந்தச் சாலையில் நின்று படமெடுத்துவிட்டு, பூங்காவைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடும் நம்மவர்கள் அதிகம். சாலைக்கு அப்பால் ஏரிகள்தான், 2,000க்கும் மேல். அங்கே போகத் தோணி வேண்டும், கூட ஒருவர் வேண்டும்.

ஓர் ஏரி முடிகிற கரையில், அடுத்த ஏரிக்கு இத்தனை மீட்டர் என்று மஞ்சள் பலகை சொல்லும். அங்கே தோணியைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். ‘போர்ட்டேஜ்’ என்பது இதுதான். பூர்வகுடி அனிஷினாபே மக்கள் பேர்ச் மரப்பட்டைத் தோணியோடு காலங்காலமாக நடந்த முறை. இன்றைய கெவ்லார் தோணி 20 கிலோ அளவில் இருக்கும். பழைய அலுமினியத் தோணி 30 கிலோவையும் தாண்டும். ஒருவர் தோணியைத் தூக்கினால் மற்றவர் பெரிய பொதியைச் சுமப்பார். மிச்சத்துக்குத் திரும்பி வர வேண்டியிருந்தால் 1,000 மீட்டர் பாதை 3,000 மீட்டர் நடையாகிவிடும். ஆகவே பயணத்தின் சுகதுக்கம் வீட்டில் பொதி கட்டும்போதே தீர்மானமாகிவிடுகிறது. மடக்கு நாற்காலி, இரண்டாவது சப்பாத்து, பெரிய சட்டி எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உள் ஏரிகளுக்கு ரின்னும் போத்தலும் கொண்டுபோகத் தடை. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் பைகளில்தான்.

அந்தச் சுமைதான் ஏரிகளைக் காப்பாற்றுகிறது என்பது என் உறுதியான எண்ணம். முதல் போர்ட்டேஜிலேயே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதைத் தாண்டினால் உங்கள் துடுப்புச் சத்தத்தையும் லூன் பறவையின் கூவலையும் தவிர வேறொன்றும் கேட்காது. மீனும் அங்கேதான் நன்றாகக் கடிக்கும்.

தோணியில் இருவருக்கும் வேலை வேறு. பின்னால் இருப்பவர் திசை பார்ப்பவர். ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பை லேசாக முறுக்கி வெளியே தள்ளுவார். இல்லாவிட்டால் தோணி ஒரு பக்கமாகவே சுற்றும். முன்னால் இருப்பவர் வேகம் கொடுப்பார், நீருக்கடியில் கல் பார்ப்பார். என் தம்பி முன்னால் இருந்தால், “அண்ணை, கல்லு! இடப்பக்கம் திருப்புங்கோ!” என்ற குரல் அடிக்கடி வரும். அந்தக் குரலை நம்பித்தான் ஆக வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் எனக்கு அவன் முதுகுதான் தெரியும்.

மீனுக்காகப் போகிறவர்கள் மே மாதத் தொடக்கத்தைப் பிடிக்க வேண்டும். பனி உருகி ஏரி திறந்த புதிது, நீர் முழுவதும் குளிர். குளிர்நீர் மீனான புரூக் ட்ரௌட் கரையோரம் மேலேயே திரியும். கோடை வந்தால் ஆழத்துக்கு இறங்கிவிடும். மே நடுவிலிருந்து கறுப்பு ஈக்களும் மொய்க்கத் தொடங்கிவிடும். ஆனால் அந்தக் குளிர்நீரே ஆபத்தும். தோணி கவிழ்ந்தால் சில நிமிடங்களில் கை விறைத்துவிடும், தூக்கிவிட இன்னொரு தோணி இராது. உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும், பொதிக்குள் அல்ல. கரையை ஒட்டியே போங்கள். ஒப்பியோங்கோ போன்ற பெரிய ஏரியைக் காலையில், காற்று எழுமுன் கடந்துவிடுங்கள். ஓவியர் டொம் தொம்சன் நல்ல தோணிக்காரர், காட்டு வழிகாட்டியும்கூட. 1917 ஜூலையில் இங்குள்ள கனூ ஏரியில்தான் அவர் இறந்தார்.

புரூக் ட்ரௌட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒலிவ் நிற முதுகில் புழு நெளிந்தது போன்ற வரிகள், பக்கவாட்டில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், கீழ்ச் செட்டைகளின் முன்விளிம்பில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடு. செதில் உரிக்கத் தேவையில்லை. குடலை எடுத்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி அப்படியே பொரிக்கலாம். குடலையும் முள்ளையும் முகாமிலிருந்து தூரக் காட்டுக்குள் போட வேண்டும். மிஞ்சிய உணவு இரவில் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி, கயிற்றில் தொங்க வேண்டும். கரடிகள் உள்ள காடு.

இந்த மீன் இயற்கையாக வாழும் ஏரிகள் பூங்காவில் 200க்கும் மேல் உண்டு. உலகில் இப்படிப்பட்ட இடங்கள் அரிது. அதனால்தான் உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுவரக் கூடாது என்று சட்டம். வாளியிலிருந்து தப்பிய வேற்று மீன்கள் ஓர் ஏரியில் பெருகினால், அங்குள்ள ட்ரௌட்டின் உணவைத் தின்று அதன் இனத்தையே ஒழித்துவிடும். பிறகு அவற்றை எடுக்க வழியில்லை. மண்புழுவோ செயற்கை இரையோ போதும். அனுமதிச் சீட்டு, மீன்பிடி உரிமம், ஏரியின் பெயர் சொல்லி முகாம் முன்பதிவு, மூன்றையும் ஐந்து மாதங்கள் முன்பிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். நீண்ட வார இறுதிகள் வேகமாக நிரம்பிவிடும். வார நாளில் லீவு எடுக்க முடிந்தால் அதுவே மேல்.