கிறித்தவத்தில் உடல் தூய்மையும் இல்லத் தூய்மையும்

கிறித்தவத்தில் உடல் தூய்மையும் இல்லத் தூய்மையும் என்னும் இக்கட்டுரை, குளித்தல், கை கழுவுதல், துணி வெளுத்தல், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் துப்புரவாக வைத்திருத்தல் ஆகியவை பற்றிக் கிறித்தவ சமயத்தில் நிலவிய கருத்துகளையும் அவை நடைமுறைக்கு வந்த விதத்தையும் விளக்குகிறது. யூதம், இசுலாம் ஆகிய சமயங்களில் இருப்பது போல, வழிபாட்டுக்கு முன் உடலைக் கழுவியே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாய விதி கிறித்தவத்தில் இல்லை. எத்தியோப்பியத் திருச்சபை போன்ற சில கீழைத் திருச்சபைகளில் மட்டும் சடங்குத் தூய்மை பற்றிய விதிகள் இன்றும் பின்பற்றப்படுகின்றன.

விதி இல்லாமையால் இரண்டு எதிரெதிர்ப் போக்குகள் தோன்றின. குளியலை உலகப் பற்றின் அடையாளம் என்று ஒதுக்கிய துறவிகளும் கிறித்தவர்களே. ஏழைகளுக்குப் பொதுச் சலவைக்கூடம் அமைக்கப் பாடுபட்டவர்களும் கிறித்தவர்களே. இரு சாராரும் ஒரே விவிலியத்தையே மேற்கோள் காட்டினர்.

அழுக்கும் தீட்டும்

இப்பொருளைப் புரிந்துகொள்ள அழுக்கு, தீட்டு என்னும் இரண்டையும் வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாதது. அழுக்கு கண்ணுக்குத் தெரிவது. நீரும் சவர்க்காரமும் கொண்டு நீக்கக்கூடியது. தீட்டு என்பது சமய நெறி ஒருவருக்கோ ஒரு பொருளுக்கோ கற்பிக்கும் நிலை. குளித்து முடித்த ஒருவர் தீட்டுடையவராகக் கருதப்படலாம். சேறு படிந்த உழவர் தீட்டற்றவராக இருக்கலாம்.

பழைய ஏற்பாட்டில் இவை இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. லேவியர் நூலின் 11 முதல் 15 வரையான அதிகாரங்கள் உணவு, மகப்பேறு, தோல் நோய், உடற்கசிவு ஆகியவை பற்றிய தீட்டு விதிகளைக் கூறுகின்றன. வீட்டுச் சுவரில் பூஞ்சை போன்ற படிவு தோன்றினால் செய்ய வேண்டியவற்றை 14ஆம் அதிகாரம் விரிவாகச் சொல்கிறது. குரு வந்து பார்த்து வீட்டை ஏழு நாள் அடைத்து வைப்பார். படிவு பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து, சுவரின் பூச்சைச் சுரண்டி, ஊருக்கு வெளியே கொட்ட வேண்டும். மீண்டும் தோன்றினால் வீட்டையே இடித்துவிட வேண்டும். தமிழ் விவிலியங்களில் தொழுநோய் அல்லது குஷ்டம் என்று மொழிபெயர்க்கப்பட்ட எபிரேயச் சொல், தோல், துணி, சுவர் ஆகிய மூன்றிலும் தோன்றும் படிவுகளைக் குறிப்பதால், அது இன்று நாம் தொழுநோய் என்றழைக்கும் நோயை மட்டும் சுட்டுவதன்று.

இணைச் சட்டம் (உபாகமம்) 23ஆம் அதிகாரம், படைவீரர் பாளையத்துக்கு வெளியே சென்று, கருவியால் குழி தோண்டி மலங்கழித்து மூட வேண்டும் என்கிறது. சுகாதாரப் பொறியியல் நூல்கள் எடுத்துக்காட்ட விரும்பும் பகுதி இது. ஆனால் அங்கே கூறப்படும் காரணம் நோய்த் தடுப்பன்று. பாளையத்தின் நடுவே கடவுள் உலாவுகிறார் என்பதே. மோசேக்கு நுண்ணுயிரிகளைப் பற்றித் தெரிந்திருந்தது என்று எழுதுவோர் மூலநூல் சொல்லாததைச் சொல்கின்றனர்.

கை கழுவாமை பற்றிய விவாதம்

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், இயேசுவின் சீடர்கள் கைகளைக் கழுவாமல் உண்பதைப் பரிசேயர் குறை கூறுகின்றனர். வெளியிலிருந்து உள்ளே செல்வது மனிதரைத் தீட்டுப்படுத்துவதில்லை, உள்ளத்திலிருந்து வெளிவரும் தீய எண்ணங்களே தீட்டுப்படுத்துகின்றன என்பது இயேசுவின் மறுமொழியின் சாரம். உணவுக்கு முன் கை கழுவுவது தேவையற்றது என்று இயேசு கற்பித்ததாக இப்பகுதியைப் பொருள் கொள்வோர் உளர். அது பிழை. விவாதம் கையிலிருந்த அழுக்கைப் பற்றியது அன்று. முன்னோர் மரபுப்படி செய்யப்பட வேண்டிய சடங்குக் கழுவுதலைப் பற்றியது.

அக்காலத்தில் இத்தகைய கழுவுதல் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குத் தொல்லியல் சான்றுகள் உண்டு. கல்லால் செய்த கலங்கள் தீட்டை ஏற்பதில்லை என்று யூதச் சட்டம் கருதியது. எருசலேமிலும் கலிலேயாவிலும் சுண்ணக்கல்லில் குடைந்த குவளைகளும் சாடிகளும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. யோவான் நற்செய்தியில் கானாவூர்த் திருமண வீட்டில் இருந்ததாகக் கூறப்படும் ஆறு கற்சாடிகள் இவ்வகையைச் சேர்ந்தவையே. அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் கொள்ளளவு கொண்டவை.

நற்செய்திகளின்படி இயேசு தோல் நோயாளரைத் தொடுகிறார். இரத்தப்போக்குள்ள பெண் தம்மைத் தொட்டதற்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை. இறுதி இரவுணவின்போது அடிமைகளின் வேலையாகிய கால் கழுவுதலைத் தாமே செய்கிறார். திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரத்தில் பேதுரு, யூதரல்லாத கொர்னேலியுவின் வீட்டுக்குள் நுழைவதற்கு முன், எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லக்கூடாது என உணர்த்தப்படுகிறார். இவற்றால் நீக்கப்பட்டது ஒருவரோடு ஒருவர் அமர்ந்து உண்ணத் தடையாயிருந்த தீட்டு. கழுவும் பழக்கம் அன்று.

குளியலை ஐயுற்ற காலம்

உரோமைப் பேரரசில் பொதுக் குளியலகங்கள் நகர வாழ்வின் மையமாக விளங்கின. தொடக்கக் காலக் கிறித்தவர் அவற்றை முற்றிலும் ஒதுக்கவில்லை. கிறித்தவரும் மற்றவர்களைப் போலவே சந்தைக்கும் குளியலகத்துக்கும் செல்பவர்களே என்று தெர்த்தூலியன் வாதிட்டார். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, மக்கள் குளிப்பதற்குத் தூய்மை, வெப்பம், உடல்நலம், இன்பம் என நான்கு காரணங்களைப் பகுத்து, இன்பத்துக்காகக் குளிப்பதை மட்டும் முற்றிலும் விலக்கினார்.

துறவு இயக்கம் வளர்ந்தபோது நிலை மாறியது. கிறிஸ்துவில் ஒருமுறை கழுவப்பட்டவர் மீண்டும் கழுவப்பட வேண்டியதில்லை என்ற கருத்தை ஜெரோம் தம் மடல் ஒன்றில் எழுதினார். இதிலுள்ள தருக்கம் கவனிக்கத்தக்கது. நீர் தீட்டை நீக்காது, திருமுழுக்கே நீக்கும் என்பது முன்கூற்று; ஆகவே நீர் தேவையில்லை என்பது முடிவு. அழுக்கு இருக்கிறது என்பதே இங்கு மறக்கப்படுகிறது. அகஸ்டீன் மிதமான நிலையை எடுத்து, பெண் துறவியருக்கு மாதம் ஒருமுறை குளியல் என்றும், நோயுற்றால் மருத்துவர் சொற்படி எப்போதும் குளிக்கலாம் என்றும் விதித்தார்.

திருத்தந்தை முதலாம் கிரகோரி இரண்டு கேள்விகளுக்கு அளித்த விடைகள் குறிப்பிடத்தக்கவை. ஞாயிற்றுக்கிழமை குளிக்கலாகாது என்றோரை அவர் கண்டித்தார். இன்பத்துக்கான குளியல் எந்த நாளும் ஆகாது, உடலின் தேவைக்கான குளியலுக்கு எந்த நாளும் தடையில்லை என்றார். மாதவிலக்கான பெண்கள் ஆலயத்துக்குள் வரலாமா என்று இங்கிலாந்திலிருந்து கேட்கப்பட்டபோது, தடுக்கக்கூடாது என்று அவர் விடையளித்ததாக வரலாற்றாசிரியர் பீட் பதிவு செய்துள்ளார்.

மடங்களின் நீர்வழிகள்

6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பெனடிக்டின் ஒழுங்கு, நலமாக உள்ள இளந்துறவிகளுக்குக் குளியலைக் குறைத்தாலும், வீட்டுத் துப்புரவில் கண்டிப்பானது. சமையற்கட்டுப் பணி வாரமுறையில் மாறும். பணி முடிப்பவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் துலக்கி, கை கால் துடைக்கும் துணிகளைத் துவைத்து, கலங்களைத் தூய்மையாகவும் உடையாமலும் திருப்பித் தர வேண்டும். மடத்தின் பாத்திரங்களைப் பலிபீடத்துப் பாத்திரங்களுக்கு நிகராக மதிக்க வேண்டும் என்றும் அவ்வொழுங்கு கூறுகிறது.

நடுக்காலத் துறவிகளின் நீர்வசதி வியப்புக்குரியது. இங்கிலாந்தின் காந்தர்பரி மடத்தில் ஏறத்தாழ 1165இல் வரையப்பட்ட குழாய் வரைபடம் இன்றும் உள்ளது. நகருக்கு வெளியேயுள்ள ஊற்றிலிருந்து வரும் நீர் அடுத்தடுத்த படிவுத் தொட்டிகள் வழியே வண்டல் நீங்கி, கைகழுவும் மண்டபம், சமையற்கூடம், மதுவடிப்பகம், குளியலறை, மீன்குளம் எனப் பிரிந்து செல்கிறது. பயன்படுத்திய நீரும் மழைநீரும் வீணாக்கப்படாமல் கழிப்பறை வரிசையின் அடியில் ஓடி அதனைக் கழுவிச் செல்கின்றன. குடிநீரையும் கழிவுநீரையும் தனித்தனிக் கோடுகளாகக் காட்டும் அவ்வரைபடத்தை இன்றைய பொறியியல் மாணவர் ஒருவர் சிரமமின்றிப் படிக்கலாம்.

நடுக்கால ஐரோப்பியர் குளிக்கவே இல்லை என்ற பரவலான நம்பிக்கையும் சரியன்று. நகரங்களில் பொதுக் குளியலகங்கள் இருந்தன. அவை பெருமளவில் மூடப்பட்டது 16ஆம் நூற்றாண்டில். மேகப்புண் நோயும் கொள்ளைநோயும், வெந்நீர் தோலின் துளைகளைத் திறந்து நோயை உள்ளே விடுகிறது என்ற அக்கால மருத்துவக் கருத்தும் இதற்கான காரணங்களுள் சில. அதன்பின் வெள்ளை உள்ளாடையை மாற்றி உடுத்துவதே தூய்மையாகக் கொள்ளப்பட்டது.

தீட்டு மீண்டும் நுழைந்த இடங்கள்

நற்செய்தி விலக்கிய தீட்டு, பல வழிகளில் திருச்சபைக்குள் திரும்பி வந்தது. மகப்பேற்றுக்குப் பின் பெண் ஆலயம் வரும் சடங்குக்கு 1549ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் மன்றாட்டு நூல் சுத்திகரிப்பு என்றே பெயரிட்டிருந்தது. 1552ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நன்றி செலுத்துதல் என மாற்றப்பட்டது. ஸ்பெயினில் குளியலே ஐயத்துக்குரியதாயிற்று. கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட கிரனாடா முசுலிம்களின் அரபு மொழி, உடை ஆகியவற்றோடு குளியலகங்களையும் 1567இல் இரண்டாம் பிலிப்பின் அரசு தடை செய்தது. தமிழகத்தில் சாதித் தீட்டு ஆலயத்துக்குள்ளும் நுழைந்தது. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயம், இரு சாதியினர் தனித்தனியே அமரும் வகையில் இரு கிளைகளாக, நடுவே சுவருடன் அமைந்திருந்தது. அச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது.

வெசுலியும் நகரத் துப்புரவும்

தூய்மை இறைப்பற்றுக்கு அடுத்தது என்னும் ஆங்கிலப் பழமொழி விவிலியத்தில் இல்லை. மெத்தடிச இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெசுலி, 18ஆம் நூற்றாண்டில் உடை பற்றிய தம் அருளுரையில் அதைப் பயன்படுத்தியதால் அது பரவியது. அவரே அதை முன்பே வழங்கிய கூற்றாகத்தான் குறிப்பிட்டார். ஏழைகளுக்கான எளிய மருத்துவ நூல் ஒன்றை அவர் 1747இல் வெளியிட்டிருந்தார். அயர்லாந்திலிருந்த தம் போதகர் ஒருவருக்கு 1769இல் எழுதிய மடலில் பேன், சொறி, கிழிந்த உடை ஆகியவற்றை ஒழிக்குமாறு வெளிப்படையாக அறிவுறுத்தினார்.

19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி (காலரா) ஐரோப்பாவைத் தாக்கியபோது இக்கருத்து சோதனைக்கு உள்ளானது. நோய் கடவுளின் தண்டனை, நோன்பிருந்து மன்றாட வேண்டும் என்றனர் பலர். ஆங்கிலிக்கன் குருவான சார்லஸ் கிங்சுலி 1849இல் ஆற்றிய அருளுரைகளில், சாக்கடையையும் கெட்ட நீரையும் அப்படியே விட்டுவிட்டுக் கடவுள்மேல் பழி போடுவது தகாது என்று வாதிட்டார்.

லிவர்பூலில் 1832ஆம் ஆண்டு வாந்திபேதியின்போது, கிற்றி வில்கின்சன் என்னும் ஏழைத் தொழிலாளிப் பெண், தம் வீட்டிலிருந்த வெந்நீர்க் கொப்பரையை அண்டை வீட்டாருக்குத் திறந்துவிட்டார். நோயாளிகளின் துணிகளும் படுக்கைகளும் அங்கே கொதிநீரிலும் சுண்ணாம்புக் குளோரைடிலும் வெளுக்கப்பட்டன. இம்முயற்சியின் தொடர்ச்சியாக 1842இல் லிவர்பூலில் பொதுக் குளியலகமும் சலவைக்கூடமும் திறக்கப்பட்டன. 1846இல் இதற்கென நாடாளுமன்றச் சட்டமும் வந்தது. லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயத்தின் வண்ணக்கண்ணாடிச் சாளரம் ஒன்றில் கிற்றியின் உருவம் இடம்பெற்றுள்ளது.

இலண்டனின் பிராடு தெருவில் 1854இல் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். அப்பகுதியில் 600க்கும் மேற்பட்டோர் வாந்திபேதியால் இறந்தனர். தெருவிலிருந்த அடிகுழாயின் நீரே காரணம் என்றார் மருத்துவர் ஜான் சுனோ. அப்பங்கின் உதவிக் குரு என்றி வைட்கெட் அதை நம்பவில்லை. பொய்யென்று காட்டவே வீடு வீடாகச் சென்று விசாரித்தார். பங்கு மக்களை நன்கறிந்த அவருக்கு, மருத்துவருக்குக் கிடைக்காத விவரங்கள் கிடைத்தன. குழாயை அடுத்திருந்த வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அதன் தாய் வாளியில் அலசி, அந்நீரை வீட்டின் கழிவுக்குழியில் ஊற்றியிருந்தார். குழியின் செங்கற்சுவர் சிதைந்திருந்தது. அதற்கும் கிணற்றுக்கும் இடையே ஒரு மீட்டருக்கும் குறைவான தொலைவே. தன் வீட்டைத் தூய்மையாக வைத்துக்கொண்ட தாயிடம் குறை காண இயலாது. கழுவிய நீர் எங்கே போகிறது என்பது ஒரு குடும்பத்தால் மட்டும் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று. வைட்கெட் இறுதியில் சுனோவின் முடிவை ஏற்று அதற்குத் துணைநின்றார்.

தமிழில் உற்பாலனம்

அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கற்றரின் ஆங்கிலப் பாடநூலைத் தழுவி அவர் வெளியிட்ட நூலின் பெயர் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். உடற்கூற்றியல் அங்காதிபாதம் என்றும், உடலியங்கியல் சுகரணவாதம் என்றும், உடல்நலம் பேணும் துறை உற்பாலனம் என்றும் பெயர் பெற்றன. இச்சொற்கள் இன்று வழக்கொழிந்தாலும், சுகாதாரம் ஒரு தனித்துறையாகத் தமிழில் எழுதப்பட்ட தொடக்க முயற்சிகளுள் ஒன்று என்ற வகையில் இந்நூல் மதிக்கத்தக்கது.

வழிபாட்டில் இன்றைய நிலை

கத்தோலிக்கத் திருப்பலியில் குரு கை கழுவுவதும், பெரிய வியாழனன்று கால் கழுவுவதும் சடங்குகளாகத் தொடர்கின்றன. கால் கழுவப்படுவோரில் பெண்களும் இடம்பெறலாம் என 2016இல் விதி மாற்றப்பட்டது. நுண்ணுயிரிக் கோட்பாடு பரவிய 1890களில் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபைகள் சில, நற்கருணைக்குப் பொதுக் கிண்ணத்தை விட்டு ஆளுக்கொரு சிறு கிண்ணத்தைப் பயன்படுத்தத் தொடங்கின. 2020இல் கொரோனா தொற்று பரவியபோது உலகின் பல ஆலயங்களில் பொதுக் கிண்ணம் நிறுத்தப்பட்டது. வாயிலிலிருந்த தீர்த்தத் தொட்டிகள் வறிதாக்கப்பட்டு, அவற்றின் அருகே கை கழுவும் நீர்மம் வைக்கப்பட்டது.