'4கே'ன்னு போட்டிருந்தா நம்பலாமா? பழைய படத்தின் தரத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்க 5 வழிகள்

ராயபுரத்தில் எங்க வீட்டுக்குப் போன மாசம் 55 இன்ச் டிவி வந்தது. அப்பா கேட்ட முதல் படம் 'கர்ணன்'. ஆன்லைனில் தேடினால் ஏகப்பட்ட பிரதிகள். '4கே' என்று போட்டிருந்த ஒன்றை ஓடவிட்டோம். பத்து நிமிஷத்தில் அப்பா சொன்னார்: "படம் பளிச்சுனுதான் இருக்கு. ஆனா சிவாஜி முகத்துக்கு மெழுகு பூசின மாதிரி இருக்கேம்மா?"

அவர் சொன்னது சரிதான். பளிச்சென்று இருப்பது வேறு, தரமாக இருப்பது வேறு. எப்படிக் கண்டுபிடிப்பது?

1. எதிலிருந்து எடுத்த பிரதி?

35 எம்எம் நெகட்டிவ்வை நேரடியாக ஸ்கேன் செய்திருந்தால், 4கே என்பதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால், பழைய டேப்பிலிருந்தோ விசிடியிலிருந்தோ எடுத்துப் பெரிதாக்கியிருந்தால்? எங்க ஏரியாவிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி, பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் ஒரு காலத்தில் குவிந்து கிடந்த விசிடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் அளவு 352×288 புள்ளிகள். 4கே என்பது 3840×2160. அதாவது, ஒரு புள்ளியை 80 புள்ளிகளாக இழுக்க வேண்டும். இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்து நிரப்பும், அவ்வளவுதான்.

டெஸ்ட்: டைட்டில் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். பட்டுப்புடவை ஜரிகை, நகையின் கல் தனித்தனியாகத் தெரிகிறதா, கூழாகிவிட்டதா?

2. தலை வெட்டுப்படுதா?

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்', 1973-ல் வந்தது. அதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் பழைய டிவி போல, கிட்டத்தட்ட சதுர வடிவில் இருக்கும். இன்றைய டிவியில் அவற்றின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் அது குறை இல்லை, அதுதான் சரி. திரை முழுக்க நிரம்பியிருந்தால் மேலும் கீழும் சேர்த்து கால்வாசிப் படத்தை வெட்டியிருப்பார்கள். இல்லையென்றால், பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் குண்டாக்கியிருப்பார்கள்.

3. முகத்தில் துகள் இருக்கா?

ஃபிலிமில் மெல்லிய துகள்கள் அசைவது இயல்பு. படமே அந்தத் துகள்களால் ஆனதுதான். கீறல், தூசியை நீக்குவது நல்ல விஷயம். துகளையே துடைத்தால் தோலின் நுணுக்கமும் சேர்ந்து போய்விடும். கன்னம் துடிப்பதில் நடிப்பைக் காட்டிய நடிகர்களுக்கு இது பெரிய நஷ்டம். அப்பா சொன்ன 'மெழுகு' இதுதான்.

4. காது என்ன சொல்லுது?

அந்தக் காலத்துப் படங்களின் ஒலி பெரும்பாலும் மோனோ. அதை '5.1' ஆக்கும்போது வசனம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டால் உஷார். இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கினால் 'ச', 'ஸ' மழுங்கும். இன்னொன்று வேகம். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். நம்ம ஊர் பழைய டிவி முறையில் 25. அப்படியே மாற்றினால் 3 மணி நேரப் படம் 7 நிமிடம் முன்னாடியே முடிந்துவிடும். டி.எம்.எஸ். குரலும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். இசை தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

5. தப்பு டிவியிலும் இருக்கலாம்

'விவிட்' மோடில் இருந்து 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாறுங்கள். 'மோஷன் ஸ்மூத்திங்'கை அணைத்துவிட்டு 'ஷார்ப்னெஸ்'ஸைக் குறையுங்கள். செலவில்லாத ரெஸ்டோரேஷன் இது!

இதெல்லாம் அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். அசிடேட் ஃபிலிம் சுருள்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வினிகர் வாடை அடிக்கத் தொடங்கி, சுருங்கி, வீணாகிவிடும். சென்னைக் காற்றில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று ஒரு பிரதிகூட இல்லை. புனேயில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான். 'கர்ணன்' வெளியான அதே ஆண்டு.

நல்ல செய்தியும் உண்டு. 2012-ல் 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு தியேட்டருக்கு வந்தபோது, ரசிகர்கள் திரண்டார்கள். அதைத் தொடர்ந்து 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-லும், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 2015-லும் வந்தன. நல்ல பிரதியைத் தேடிப் பார்க்க ஆள் இருந்தால்தான், நெகட்டிவ் வீணாவதற்குள் அதைக் காப்பாற்றச் செலவு செய்யவும் ஆள் வருவார்கள். நெகட்டிவ் போய்விட்டால், நாம் 'ஓகே' என்று ஏற்றுக்கொண்ட மெழுகு முகம்தான் அடுத்த தலைமுறைக்குப் படம்.

அன்றைக்கு அப்பா கடைசியில் தேர்ந்தெடுத்தது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, அங்கங்கே கீறல்களோடு இருந்த ஒரு பிரதியை. மூணு மணி நேரத்துக்கும் மேல ஓடுற படம். நடுவுல ஒரு தடவைகூட எழுந்திருக்கலை.