அறுபதுக்கு முன்னே தறியை விட்டிறங்குவோர்

நெசவாளர் ஓய்வு பெறும் வயது இன்னதென்று எந்தச் சட்டமும் கூறவில்லை. கண் மங்குவதும் முழங்கால் மடங்க மறுப்பதுமே அதனை முடிவு செய்கின்றன. குழித்தறியில் காலை இறக்கி, நாள் முழுதும் குனிந்திருந்து, பட்டிழையையும் ஜரிகையையும் கூர்ந்து நோக்கிப் பழகிய அங்கத்தினர் பலர் ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிலேயே தறியை விட்டிறங்க நேர்கிறது. அரசின் ஓய்வூதியங்களோ பெரும்பாலும் அறுபதில்தான் தொடங்குகின்றன. இடையே கிடக்கும் அந்த ஐந்து, பத்து ஆண்டுகளைச் சொந்தச் சேமிப்பைக் கொண்டு கடத்தல் இயலுமா என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

அலுவல் நிமித்தமாகத் தாமல் சென்றிருந்தபோது அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் இதையே கேட்டார். “ஐயா, ஐம்பது வயதோடு தறியை நிறுத்திக்கொள்ளலாமென்று பார்க்கிறேன். சேமிப்பில் இருப்பதை மொத்தமாக வாங்கிக்கொண்டால் கடைசிவரை காலந்தள்ள முடியுமா?” கேள்வி எளிது. விடை கூறுவதற்கோ காகிதமும் பென்சிலும் தேவைப்பட்டன.

தமிழகத்தில் கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் 1975ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. அங்கத்தினர் ஈட்டும் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா பிடித்தம் செய்யப்படுகிறது, அரசு தன் பங்காக 4 பைசா சேர்க்கிறது, வட்டியும் கூடுகிறது. தாம் இரண்டு பங்கு வைக்க, கேளாமலே மூன்றாம் பங்கு வந்து சேரும் சேமிப்பு வேறெங்கும் எளிதில் கிட்டாது. அதே தெருவில் தனியார் முதலாளியிடம் கூலிக்கு நெய்பவருக்கு இது கிடையாது. சங்கத்திற்கு ஒரு சேலையும் வெளியாருக்கு இரண்டு சேலையுமாக நெய்து கொடுக்கும் அங்கத்தினரும், தம் கூலியை வேறொருவர் பெயரில் எழுத இசையும் அங்கத்தினரும் நம்மிடையே இல்லாமலில்லை. சங்கத்தின் கூலிப் பதிவேட்டில் தம் பெயரில் ஏறாத ஒவ்வொரு ரூபாய்க்கும் அரசின் 4 பைசாவை அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். கையில் கூடுதலாக வரும் பணத்தை எண்ணுகிறவர்கள் இதனை எண்ணுவதில்லை.

இனிக் கணக்கிற்கு வருவோம். மாதக் கூலி ரூ. 10,000 என்று வைத்துக்கொள்வோம். அங்கத்தினர் பங்கு ரூ. 800, அரசின் பங்கு ரூ. 400, ஆக மாதம் ரூ. 1,200. வட்டியை ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று கொண்டு, மாதந்தோறும் வட்டி சேர்வதாகக் கணக்கிடுவோம். கூலியும் விலைவாசியும் ஏறுவதை ஈண்டு சேர்க்கவில்லை. இது வழிகாட்டும் கணக்கேயன்றி எவருடைய பாஸ் புத்தகமுமன்று.

முப்பது வயதில் தொடங்கியவருக்கு ஐம்பதில், அதாவது 20 ஆண்டு முடிவில், ஏறத்தாழ ரூ. 5,54,000 சேரும். தறியை நிறுத்திவிட்டு மாதம் ரூ. 8,000 வீதம் எடுத்து உண்டால், மீதிக்கு வட்டி வந்துகொண்டே இருந்தும், ஏழு ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். வயது ஐம்பத்தேழு, அறுபதுக்கு இன்னும் மூன்று ஆண்டு. மாதம் ரூ. 6,000 மட்டும் எடுத்தால் பத்தாண்டுகளைச் சற்றே தாண்டும். ஆனால் அறுபதில் கை வெறுங்கையாகும், அதன்பின் ஓய்வூதியம் ஒன்றையே நம்பியிருக்க வேண்டும். தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியம் 2023இல் ரூ. 1,200 ஆக உயர்த்தப்பட்டது. ரூ. 6,000 எங்கே, ரூ. 1,200 எங்கே!

அவரே ஐம்பத்தைந்து வரை நெய்தாரானால் தொகை ஏறத்தாழ ரூ. 8,31,000 ஆகும். அதிலிருந்து மாதம் ரூ. 8,000 வீதமே எடுத்து ஐந்தாண்டு நடத்திய பின்னும், அறுபதாம் வயதில் ரூ. 5,63,000 மீதி நிற்கும். ஐந்தாண்டு உழைப்பின் வேற்றுமை இவ்வளவு பெரிதா என்று நாமே மறுமுறை கூட்டிப் பார்த்தோம். கணக்கு சரியாகவே இருந்தது.

இதில் ஊன்றிக் காணவேண்டியது ஒன்று உண்டு. அக்கடைசி ஐந்தாண்டுகளில் அங்கத்தினர் தம் கையிலிருந்து இடுவது ரூ. 48,000தான். வளர்ச்சியின் பெரும்பகுதி பழைய தொகையின் வட்டி. ஐம்பதில் தறியை நிறுத்தினாலும், கையிருப்பைத் தொடாமல் அதே வட்டிக்கு ஐந்தாண்டு விட்டு வைத்தால் அது ரூ. 7,47,000 ஆகும். ஆகவே தறியை நிறுத்துவதால் நேரும் குறை ரூ. 84,000 அளவே, பணத்தை வாங்கிப் பெட்டியில் வைப்பதால் நேரும் குறை ரூ. 1,93,000. உடல் இடங்கொடாதவர் தறியை விடட்டும். பணத்தை உடனே விடவேண்டியதில்லை. பாவு ஓட்டுதல், நூல் சுற்றுதல் போன்ற இலகுவான வேலையில் வீட்டுச் செலவின் பாதியையேனும் ஈட்டி, மீதிக்கு மட்டும் சேமிப்பில் கை வைப்பவர் அறுபதைச் சிரமமின்றி எட்டிவிடுவார். ஏரிப் பாசனத்தில் பயிரிடுவோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எத்தனை நாளைக்கு எந்த மதகைத் திறப்பது என்பதை அவர்கள் கதிர் முற்றும் காலத்தை எண்ணியே முடிவு செய்கிறார்கள்.

மொத்தமாக வாங்கியவர்கள் அதை எங்கே வைப்பது? மத்தியக் கூட்டுறவு வங்கியின் வைப்புத்தொகை ஒரு வழி. அஞ்சலக மாத வருமானத் திட்டம் மற்றொன்று. அதன் தவணை 5 ஆண்டு, தனிக்கணக்கின் உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் ரூ. 9 லட்சம். ஐம்பத்தைந்தில் இடுபவருக்கு அறுபதில் முதல் திரும்பும் என்பதால் நம் தேவைக்கு அளந்து தைத்ததுபோல் அமைந்திருக்கிறது. மகனுக்கு வண்டி வாங்கவும் மகளின் திருமணத்திற்கு நகை வாங்கவும் இத்தொகையை எடுத்துக் கொடுப்பதைத் தவறென்று சொல்லும் துணிவு நமக்கில்லை. அந்த வண்டியிலிருந்து மாதம் எவ்வளவு பெற்றோருக்கு வரும் என்பதை அன்றே பேசி முடிப்பது நலம்.

விவசாயிகளுக்கு 2019 செப்டம்பரில் பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டம் தொடங்கப்பட்டது. 2 ஹெக்டேர் வரை நிலமுடைய, 18 முதல் 40 வயதுக்குட்பட்டோர் சேரலாம். இருபத்தொன்பது வயதில் சேர்பவர் மாதம் ரூ. 100 செலுத்த, மத்திய அரசும் அதற்குச் சமமாகச் செலுத்தும். அறுபதில் மாதம் ரூ. 3,000. பத்தாண்டு நிறைவதற்குள் விலகினால் தாம் கட்டிய பணமும் சேமிப்புக் கணக்கு வட்டியுமே கிடைக்கும். அரசின் பங்கு கிடைக்காது. 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் இடையில் விலகுவோர்க்கு இதுபோன்ற இழப்பே. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வருங்கால வைப்புநிதி உள்ள ஊழியர்கள், 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டப்படி ஐம்பது வயது முதலே ஓய்வூதியம் கேட்கலாம். ஐம்பத்தெட்டுக்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு விழும், அவ்வெட்டு ஆயுள் முழுதும் நீடிக்கும்.

வெளிநாடுகளில் நம்மவர் நிலை என்ன? மலேசியத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் 1951இல் அமைந்த ஊழியர் சேமநிதியை நன்கறிவர். அங்கே 55 வயதில் பணத்தை எடுக்கலாம். குறைந்தபட்ச ஓய்வு வயதோ 2013 முதல் 60. கொரோனாக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, சிறப்பு அனுமதிகளின் பேரில் சுமார் 81 லட்சம் பேர் 14,500 கோடி ரிங்கிட்டை முன்கூட்டியே எடுத்தனர். பசித்தவர் எடுத்ததை எவர் குறை கூறுவார்? ஆயினும் பலருடைய கணக்கில் முதுமைக்கென்று மிஞ்சியது சொற்பமே. இலங்கையின் ஊழியர் சேமலாப நிதியில் ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 என்று வயது வகுத்திருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண்மணியின் உடல்நிலை அறிந்து வகுத்தது போலத் தோன்றுகிறது.

வயது வரம்பைத் தள்ளிப்போடும் வழக்கமும் புதியதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளுள் 919ஆம் ஆண்டினது, வாரியத்திற்குத் தேர்வு பெறும் வயதை முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்கிறது. இரண்டே ஆண்டு கழித்துப் பொறித்தது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்கிறது. அவர்கள் சபையில் அமர்ந்து பேசியவர்கள். குழித்தறியில் அமர்ந்தவர்கள் அல்லர்.

அங்கத்தினர்கள் இம்மாதமே சங்கத்திற்குச் சென்று தத்தம் பாஸ் புத்தகத்தில் மூன்று செய்திகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்: பிடித்தம் செய்த தொகை மாதந்தோறும் பதிவாகியிருக்கிறதா, அரசின் பங்கும் வட்டியும் ஏறியிருக்கின்றனவா, வாரிசாக நியமிக்கப்பட்டவர் பெயர் சரியாக இருக்கிறதா என்பவை. மணமாகுமுன் தாயாரின் பெயரை எழுதிக் கொடுத்தவர்கள், மனைவியின் பெயரைச் சேர்க்க இன்னும் படிவம் தராமலிருக்கலாம். அப்படிவத்தைச் சங்கச் செயலாளரிடமே கேட்டுப் பெறலாம்.